'எங்க வீட்டு ஓட்டு எப்பவும் இலைக்குத்தான்!' - அந்த ஓட்டுக்கு என்ன ஆச்சு? திருநின்றவூர் காட்டும் கணக்கு

சென்ட்ரல் - அரக்கோணம் மின்சார ரயில் பாதையில் ஆவடியைத் தாண்டிச் சில ஸ்டேஷன்களில் திருநின்றவூர் வந்துவிடும். கல்லும் மண்ணும் இல்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. கட்சி விசுவாசமும் கிட்டத்தட்ட அந்தக் கோயில் மாதிரிதான். வெளியே எதுவும் தெரியாது. ஆனால், உள்ளே பல வருஷம் கட்டியிருப்பார்கள். 'எங்க வீட்டு ஓட்டு எப்பவும் இலைக்குத்தான்', 'நாங்க சூரியனைத் தவிர வேற எதுலயும் குத்த மாட்டோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அப்படிச் சொன்ன வீடுகளில் மனசு மாறினால், அது தேர்தல் முடிவில் எப்படித் தெரியும்? திருநின்றவூர் அடங்கிய ஆவடி சட்டமன்றத் தொகுதியிலும், திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் அதற்கு ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது: அதிமுக.

6, 4, 0

திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம்.

2011: ஆறிலும் அதிமுக கூட்டணி வெற்றி.
2016: அதிமுக நான்கில் வெற்றி.
2021: ஒன்றுகூட இல்லை. ஆறும் திமுக கூட்டணிக்கு.

மக்களவையிலும் இதே கதைதான். 2014-ல் அதிமுகவின் பி.வேணுகோபால் 6,28,499 வாக்குகள் வாங்கி, 3,23,430 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்தே வருஷத்தில், அதே வேட்பாளர், அதே சின்னம். ஆனால் 2019-ல் கிடைத்தது 4,10,337 வாக்குகள். காங்கிரஸின் கே.ஜெயக்குமாரிடம் 3,56,955 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

இதைப் பார்த்தால், 'விசுவாசிகள் மொத்தமாகக் கட்சியைக் கைவிட்டுவிட்டார்கள்' என்றுதான் தோன்றும். ஆனால் ஆவடியின் கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது.

ஆவடியில் உண்மையில் என்ன நடந்தது?

2011: அதிமுக (எஸ்.அப்துல் ரஹீம்) 1,10,102. காங்கிரஸ் 66,864. வித்தியாசம் 43,238.
2016: அதிமுக (க.பாண்டியராஜன்) 1,08,064. திமுக (சா.மு.நாசர்) 1,06,669. வித்தியாசம் 1,395.
2021: திமுக (நாசர்) 1,50,287. அதிமுக (பாண்டியராஜன்) 95,012. வித்தியாசம் 55,275.

அதிமுகவின் எண்களை மட்டும் தனியாகப் பாருங்கள். 1,10,102... 1,08,064... 95,012. 2016-க்கும் 2021-க்கும் இடையில் குறைந்தது 13,052 வாக்குகள்தான். ஆனால் அதே காலத்தில் திமுகவுக்குக் கூடியது 43,618.

அதாவது, இலையின் ஓட்டு சரிந்து விழவில்லை. வளராமல் நின்று, பிறகு மெல்லத் தேய ஆரம்பித்தது. ஆவடி - திருநின்றவூர் பக்கம் புது வீட்டுமனைகள் வந்துகொண்டே இருந்தன. சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் குடிவந்தவர்கள், முதல் முறை ஓட்டுப் போட்டவர்கள் என்று பட்டியலில் புதுப் பெயர்கள் சேர்ந்தன. அந்தப் புதியவர்களில் போதுமானவர்களை இலைப் பக்கம் இழுக்க முடியவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 13,052 என்பது நிகரக் கணக்கு. 20 ஆயிரம் பேர் போய், 7 ஆயிரம் பேர் புதிதாக வந்திருந்தாலும் இதே விடைதான் கிடைக்கும். ஓட்டு ரகசியமானது. யார் எங்கே போனார் என்பது முடிவுத் தாளில் எழுதியிருக்காது. கூட்டணிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011-ல் தேமுதிகவும் இடதுசாரிகளும் அதிமுகவோடு இருந்தார்கள். 2016-ல் இல்லை.

மனசு எப்போது விட்டுப் போனது?

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த பத்து மாதங்களில் நடந்தவை ஒரு தொண்டருக்கு என்ன மாதிரி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2017 பிப்ரவரி 7: முதல்வராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம். கட்சி இரண்டானது.
பிப்ரவரி 14: சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவுக்குச் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.
பிப்ரவரி 18: எடப்பாடி பழனிசாமி அரசு 122 - 11 என நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது.
மார்ச் 22: இரட்டை இலைச் சின்னத்தைத் தேர்தல் ஆணையம் முடக்கியது.
ஆகஸ்ட் 21: பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன.
செப்டம்பர் 18: டி.டி.வி.தினகரனை ஆதரித்த 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம்.

இது ஏதோ கோட்டையில் நடந்த சண்டை மட்டும் இல்லை. திருநின்றவூர் பக்கத்து வாக்காளருக்கு இது நேரடியாக வந்து தொட்டது. ஆவடி எம்.எல்.ஏ.வும் அமைச்சருமாக இருந்த பாண்டியராஜன், வாக்காளர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுப்பதாக ட்விட்டரில் சொல்லிவிட்டு, பன்னீர்செல்வம் அணிக்குப் போனார். நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்த 11 பேரில் அவரும் ஒருவர். அணிகள் இணைந்ததும் மறுபடி அமைச்சரானார்.

பக்கத்துத் தொகுதியான பூந்தமல்லியின் அதிமுக எம்.எல்.ஏ. டி.ஏ.ஏழுமலை, முதல்வருக்கான ஆதரவை வாபஸ் வாங்கி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் ஒருவர். அவருக்குப் பதவி போனது. அடுத்த இடைத்தேர்தல் வரை, ஒன்றரை வருஷத்துக்கும் மேல் பூந்தமல்லிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை.

இரண்டு தொகுதிக்காரர்களும் 2016-ல் ஒரே சின்னத்தில்தான் குத்தினார்கள். ஒருவர் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டு அமைச்சரானார். இன்னொருவர் கடிதம் கொடுத்து எம்.எல்.ஏ. பதவியை இழந்தார். 'அப்போ நாம போட்ட ஓட்டு யாருக்கு?' என்ற கேள்வி தொண்டருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2016-ல் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அதிமுக வென்ற பூந்தமல்லியை, 2019 இடைத்தேர்தலில் திமுக சுமார் 60 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் பிடித்தது.

கோபம் வந்தால் விசுவாசி என்ன செய்வார்?

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய ஒரு புத்தகம் இதற்கு எளிய சட்டகம் தருகிறது. ஓர் அமைப்பு மோசமாகும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்தபடி குரல் கொடுப்பது. விசுவாசம் என்பது, வெளியேறுவதைத் தள்ளிப்போட வைக்கும் பிடிப்பு.

இதைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்தினால் மூன்று படிகள் தெரியும்.

முதல் படி, மௌனம். ஓட்டு மாறாது. ஆனால் பூத் வேலைக்கு வர மாட்டார். கூட்டத்துக்குப் போக மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் 'இந்த முறையும் நம்மாளுக்கே போடுங்க' என்று சொல்ல மாட்டார். முடிவுத் தாளில் அவர் இன்னும் கட்சிக்காரர்தான். ஆனால் புது ஓட்டு ஒன்றைக்கூடக் கொண்டுவர மாட்டார். ஆவடியின் தேக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் படி, பக்கத்துக் கதவு. நேர் எதிரிக்குப் போட மனசு வராது. ஆனால் 'உண்மையான வாரிசு நான்தான்' என்று ஒருவர் வந்தால், அங்கே போவதில் குற்ற உணர்ச்சி இருக்காது. 2017 டிசம்பரில் ஜெயலலிதாவின் சொந்தத் தொகுதியான ஆர்.கே.நகரில் இதுதான் நடந்தது. சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரனுக்கு 89,013 வாக்குகள். இரட்டை இலைக்கு 48,306. திமுகவுக்கு டெபாசிட்கூட இல்லை. ஆளுங்கட்சி மீதான கோபம் பிரதான எதிர்க்கட்சிக்குப் போகாமல் குக்கருக்குப் போனது. 1972-ல் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டுப் புதுக் கட்சி தொடங்கியதும், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அதிமுக வென்று, ஆளுங்கட்சியான திமுக மூன்றாமிடம் போனதும் இதே வழியில்தான்.

மூன்றாம் படி, பிரித்துப் போடுவது. 2019-ல் மக்களவைத் தேர்தலோடு 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களும் நடந்தன. மக்களவையில் அதிமுகவுக்குத் தேனி ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் இடைத்தேர்தல்களில் ஒன்பது இடங்களைப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. 'மேல அவங்க கூட்டணி வேணாம், இங்க ஆட்சி இருக்கட்டும்' என்று ஒரே வாக்காளர் இரண்டு மெஷினில் இரண்டு பதில் சொல்ல முடியும்.

பட்டனே இல்லாத தேர்தல்

2024-ல் திருவள்ளூரில் புதிதாக ஒன்று நடந்தது. அதிமுக கூட்டணியில் தொகுதி தேமுதிகவுக்குப் போனது. வாக்குப்பதிவு மெஷினில் இரட்டை இலையே இல்லை. 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் நடந்த 2009, 2014, 2019 தேர்தல்களில் இலைக்குக் குத்தியவர்கள், இந்த முறை முரசைத் தேட வேண்டியிருந்தது.

முடிவு: காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் 7,96,956. பாஜகவின் பொன்.வி.பாலகணபதி 2,24,801. தேமுதிகவின் நல்லதம்பி 2,23,904. பத்து வருஷத்துக்கு முன் ஆறு லட்சத்தைத் தாண்டிய இடத்தில், கூட்டணி மூன்றாமிடம்.

சின்னம் என்பது விசுவாசிக்கு வெறும் படம் இல்லை, பழக்கம். தலைவர் மாறினாலும், வேட்பாளரைப் பிடிக்காவிட்டாலும் கை தானாக அங்கே போகும். அந்தப் பழக்கத்தைக் கட்சியே ஒரு முறை நிறுத்தினால், அடுத்த முறை கை தானாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாஜகவோடு உறவை 2023 செப்டம்பரில் முறித்து, 2025 ஏப்ரலில் மறுபடி சேர்ந்ததும் பழைய வாக்காளருக்குப் புதுக் கேள்விகளைக் கொடுத்தது.

போனவர்கள் திரும்பி வருவார்களா?

வரலாம். 1996-ல் அதிமுக நான்கே இடங்களில் வென்றது. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஐந்து வருஷத்தில், 2001-ல் 132 இடங்களோடு ஆட்சிக்கு வந்தார். திமுக 1976-ல் ஆட்சி இழந்து, 13 வருஷம் காத்திருந்து 1989-ல் திரும்பியது. 2011-ல் 23 இடங்களுக்குச் சுருங்கி, 2021-ல் 133-ஆக எழுந்தது.

ஆனால் அப்போதெல்லாம் திரும்பி வர ஒரு முகம் இருந்தது. தலைமை யார் என்பதில் தொண்டருக்குக் குழப்பம் இல்லை. அதிமுகவில் அந்தச் சண்டை 2022 ஜூலையில் பன்னீர்செல்வம் நீக்கப்பட்டு, 2023 மார்ச்சில் பழனிசாமி பொதுச்செயலாளர் ஆகும்வரை நீடித்தது. அதன் பிறகும் வெளியேற்றம் நிற்கவில்லை. எம்.ஜி.ஆர். காலத்து ஆளான கே.ஏ.செங்கோட்டையன் 2025 அக்டோபரில் நீக்கப்பட்டு, அடுத்த மாதமே விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். வெளியேற நினைக்கும் விசுவாசிக்கு இது இன்னொரு பக்கத்துக் கதவு.

இது ஒரு கட்சியின் கதை மட்டும் இல்லை. இன்று ஆவடியில் ஜெயித்திருக்கும் தரப்புக்கும் இதே கணக்குப் பொருந்தும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, திருநின்றவூர் பெரியார் நகர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும்போது, அங்கே இருப்பவர்கள் எந்தச் சின்னத்துக்குப் போட்டவர்கள் என்று தண்ணீர் பார்ப்பதில்லை. முதலில் வாயை மூடிக்கொள்வது சொந்தக் கட்சிக்காரர்தான். கட்சி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது.

உங்கள் பூத்தை நீங்களே பார்க்கலாம்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 'படிவம் 20' என்ற பெயரில் பூத் வாரியான முடிவுகள் கிடைக்கும். 2016, 2021 இரண்டையும் இறக்கி, உங்கள் பள்ளிக்கூடப் பூத்தின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூத் எண்கள் இடையில் மாறியிருக்கலாம் என்பதால், பாகப் பட்டியலில் தெருப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்த வித்தியாசத்தை முதலில் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் 'எப்பவும்' என்று சொன்ன சின்னத்துக்கு எத்தனை விழுந்தது, முன்பு எத்தனை என்று மட்டும் பாருங்கள். பிறகு அதை வீட்டில் காட்டிப் பேசுங்கள். பல வருஷமாக ஒரே பட்டனை அழுத்தியவர் கடைசி முறை என்ன செய்தார் என்பது அந்தத் தாளில் இருக்காது. அவரே சொன்னால்தான் உண்டு.