உங்களுக்குத் தெரியுமா? ஏர்பேக் மட்டும் போதாது!

2014 ஜனவரியில் ‘குளோபல் என்கேப்’ அமைப்பு, இந்தியாவில் விற்பனையில் இருந்த ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாத மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம்!

இதில் போலோவின் கதையைக் கவனியுங்கள். மோதலில் அதன் உடற்கூடு குலையவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்த போலோவைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆல்டோ, ஐ10, நானோவிலோ கூடே பலவீனம். ஏர்பேக் வைத்தாலும் பலன் இருக்காது என்றது அந்த அமைப்பு. எனவே விளம்பரத்தில் ஏர்பேக் எண்ணிக்கையைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். கூடு தாங்குமா என்பதே முதல் கேள்வி.

2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கென்றே ‘பாரத் என்கேப்’ என்ற சோதனைத் திட்டம் இருக்கிறது. ஆனால் காரைச் சோதனைக்கு அனுப்புவது நிறுவனத்தின் விருப்பம்தான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை இப்படி விட்டுவைத்திருப்பது சரியே இல்லை. இந்தச் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு அதிகபட்சம் 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 என மதிப்பெண்கள் தனித்தனி. விளம்பரத்தில் பளிச்சிடுவது நட்சத்திரம் மட்டுமே. பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், அந்த 49-க்கு எத்தனை வாங்கியது என்று பாருங்கள்.

ஷோரூமில் விலை குறைந்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் தோளோடு சேர்த்துப் போடும் பெல்ட், இந்த மூன்றும் அதிலேயே இருக்கின்றனவா என்று கேளுங்கள்.