மருந்தின் நான்காம் கூறு

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவன் என்பன அவை. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; நான்காமவனை மறந்து விடுகிறோம். இன்று உலக நாடுகளின் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் இந்த நான்காம் கூற்றைச் சேர்ந்தவர்களே. மருத்துவப் பட்டம் பெறாத அறிவியல் மாணவரும் இத்துறையில் புகலாம். ஆதலின் அதனைப் பற்றிச் சிறிது எழுத முற்படுகிறேன்.

இப்பணி இரு வகைப்படும். நோயைப் பற்றிய செய்தியை மக்கள் மனங்கொள்ளும் வகையில் சேர்ப்பது ஒன்று. மருந்து, ஆள், பணம், கணக்கு ஆகியவற்றைத் திட்டமிட்டு, வேலை கடைசி வீடு வரை நடக்கச் செய்வது மற்றொன்று. இரண்டும் பிரியாதவை என்பதற்குக் காசநோயின் வரலாறே சான்று.

1956-இல் உலக சுகாதார நிறுவனமும், இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகங்களும், சென்னை அரசும் சேர்ந்து சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. அக்காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்த வேண்டும் என எண்ணினர். ஏழை நாட்டில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? நிலையத்தார் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வீட்டிலிருந்தே மருந்துண்டவரும் ஓராண்டில் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியிட்டனர். உலகம் முழுதும் சிகிச்சை முறை மாற இதுவே வழிகோலிற்று.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. இருமல் நின்றதும் நோயாளி மருந்தை நிறுத்தி விடுகிறான். உள்ளே கிருமி சாகவில்லை என்பதை அவனுக்கு யார் எடுத்துரைப்பது? வீடு தேடிச் செல்லும் ஊழியர் இல்லாவிடில் நல்ல மருந்தும் வீணே.

1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் தோன்றிற்று. அங்குப் பணியாற்றிய தேபபர் பானர்ஜியும் டென்மார்க்கு நாட்டு ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் ஆராய்ந்து 1963-இல் எழுதியது படிக்கத் தக்கது. கிராமத்தான் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்றே அதுவரை பலர் நம்பினர். உண்மை வேறு. நோயாளிகளுள் பாதிப் பேர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர். இருமல் மருந்துப் புட்டியோடு பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அறியாமை எந்தப் பக்கம் இருந்தது? செய்தி சொல்பவன் முதலில் செய்தி கேட்பவனாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் இல்லை.

என் பெற்றோர் பிழைப்பு நாடி வந்து குடியேறிய ஊர் ஹனூர். அது கொள்ளேகால் வட்டத்தோடு 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. கன்னடம், தமிழ், சோலிகர் பேச்சு, ஒடெயர்பாளையத்துத் திபெத்தியர் மொழி ஆகிய அனைத்தும் அவ்வட்டாரத்தில் வழங்குகின்றன. நாம் நெஞ்சில் கட்டுவதைச் ‘சளி’ என்கிறோம். ஏறக்குறைய அதே ஒலியுள்ள கன்னடச் சொல்லுக்குக் ‘குளிர்’ என்பது பொருள். நம் சளியை அவர்கள் ‘கபம்’ என்பர். இரண்டு வாரமாகச் சளி என்று தமிழ்க் கூலியாள் சொல்ல, குளிர்க் காய்ச்சல் என்று கன்னட ஊழியர் கொண்டால், சோதிக்க வேண்டிய காசநோய் தப்பிப் போகும். இரு மொழியும் அறிந்த நம் போன்றோர்க்கு இங்கே வேலை உண்டன்றோ?

இவ்வழியே நெடுந்தூரம் சென்றவரும் உளர். சேத்துப்பட்டு நிலையத்தில் நெடுநாள் உழைத்த மருத்துவர் சௌமியா சுவாமிநாதன், 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை அறிவியலாளர் ஆனார். போலியோவை எடுத்துக்கொண்டாலும், இந்தியாவில் 2011 ஜனவரி 13-ஆம் நாளோடு அந்நோய் நின்றதற்குச் சொட்டு மருந்து மட்டும் காரணமன்று. அஞ்சி மறுத்த தாய்மார்களிடம் மீண்டும் மீண்டும் சென்று பேசிய உள்ளூர்ப் பெண்களும் காரணம்.

இனி, வழி யாது? எம்.எஸ்ஸி. முடித்தோர் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் சேரலாம். சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிலையம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் முதலியவை இதில் பெயர் பெற்றவை. சேர்க்கை விதிகளை முன்னதாக அறிந்து கொள்க. திண்டுக்கல் அருகே காந்திகிராம நிலையம் 1964 முதல் சுகாதார ஊழியர்க்குப் பயிற்சி தருகிறது. புள்ளியியல், தெளிவாக எழுதும் திறன், ஒரு வட்டாரத்து மக்களோடு பழகிய அனுபவம் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. உலக நிறுவனங்கள் பட்டத்தோடு களப்பணி ஆண்டுகளையும் எண்ணுகின்றன. ஆகவே ஜெனீவாவுக்கு வழி ஏதேனும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலாகவே செல்கிறது எனலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவ்வேலைகளுள் பல ஒப்பந்த வேலைகள். அயலார் கொடையை நம்பியவை. 2025-இல் அமெரிக்க அரசு தன் யுஎஸ்எய்ட் நிறுவனத்தை மூடியபோது பல நாடுகளில் திட்டங்கள் நின்றன; ஊழியர் பலர் வேலையிழந்தனர். வீட்டுக் கடன் சுமையுள்ள மாணவர் இதனை எண்ணியே இறங்க வேண்டும். நானும் எண்ணிக் கொண்டுதான் இருக்கிறேன்.

நண்பர்களே, வரும் விடுமுறையில் உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தின் மருத்துவரிடம் இசைவு பெற்று, வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியர் ஒருவருடன் ஒரு வாரம் நடந்து பாருங்கள். அவ்வேலை உங்களுக்கு ஏற்றதா என்பதை அந்த ஒரு வாரம் தெரிவித்து விடும்.