மண்ணும் நீரும் – 11: தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளி

சென்ற வாரம் பவானிசாகரில் நின்றோம். அங்கிருந்து பவானி ஆற்றை எதிர்த்து மேலே போனால் மேட்டுப்பாளையம், பிறகு கேரளத்து அட்டப்பாடி, கடைசியாக நீலகிரியின் தென்மேற்கு மூலையில் அப்பர் பவானி. ஆறு பிறக்கும் இடத்தில் ஆறு என்று காட்ட ஒன்றும் இருக்காது. குன்று குன்றாகப் புல்தான். இரு குன்றுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் குட்டையான, இருண்ட சோலைக்காடு. அதற்கும் கீழே, கால் வைத்தால் புதையும் சதுப்பு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டரைத் தாண்டினால் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் இந்த அமைப்புதான் இருந்தது.

முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு ஒரே கேள்விதான் எழும்: இவ்வளவு மழை பெய்யும் மலையில் ஏன் மரம் இல்லை? 1819இல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனுக்குப் பின்னால் வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அதையே கேட்டார்கள். கேட்டதோடு விடவில்லை. வரி தராத நிலம் அவர்கள் கணக்கில் தரிசு. ஊட்டிக்கு அடுப்பெரிக்கச் சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அதை ஈடுகட்ட ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்து இறங்கின. இன்று ஊட்டி போய்த் திரும்புகிறவர்கள் கையில் இருக்கும் நீலகிரித் தைலம் அந்தக் கற்பூர மரத்தின் எண்ணெய்தான். நீலகிரியில் இயல்பாக முளைத்த எதற்கும் அதில் பங்கு இல்லை.

வெள்ளையர் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. விடுதலைக்குப் பிறகுதான் வேலை பெரிதாக நடந்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் மரம் வேண்டியிருந்தது. புல்வெளியை உழுது, வரிசை வரிசையாக மரம் நட்டோம். மேலே ஆற்றின் தலையில் வளர்ந்த மரம் கீழே வந்து நூலாயிற்று. ஆலைக் கழிவு அதே பவானியில் கலந்தது. அதை எதிர்த்து மக்கள் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது.

காட்டை அழித்ததால் வந்ததுதான் இந்தப் புல் என்று பலகாலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை உடைத்தது சதுப்பு. ராமன் சுகுமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீலகிரிச் சதுப்புகளின் மட்கிய கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கரிம ஓரிடத்தான்களை அளந்து 1993இல் வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குவரை கணக்குப் போனது. காலநிலை மாற மாறச் சோலை விரிந்திருக்கிறது, சுருங்கியிருக்கிறது. புல் மனிதக் கை படுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறது. மரம் ஏன் ஏறவில்லை என்பதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழுந்தால் சோலைக் கன்றுகள் கருகிவிடும். புல்லின் குருத்து மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். காற்றும் தீயும் மீதி வேலையைச் செய்கின்றன.

இனித் தண்ணீர். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான். ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தினர் நீலகிரியின் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் சுமார் 59 சதவீதப் பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டு ஓடைகளிலும் வரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கம் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விட்ட அடுத்த பத்தாண்டில் குறைவு 25 சதவீதம் ஆயிற்று. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததே காரணம்.

புல் கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும். அப்போது அது குடிக்கும் நீர் சொற்பம். கற்பூர மரத்துக்கு ஓய்வே கிடையாது, ஆண்டு முழுக்க இலை இருக்கும், உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புல்லின் நெருக்கமான வேரும் அடியிலுள்ள கருமண்ணும் இரண்டு பருவமழையையும் பிடித்துவைத்துச் சதுப்புக்கு மெல்ல விடுகின்றன. சதுப்பு ஓடைக்கு விடுகிறது. 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவும், பின்னால் வந்த குந்தா நிலையங்களும், கீழ்பவானிக் கால்வாயை நம்பியிருக்கும் ஈரோட்டுப் பக்கத்து இரண்டு லட்சம் ஏக்கரும் இந்தக் கசிவில்தான் ஓடுகின்றன. நஞ்சை நிலத்துக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் கொங்குச் சமவெளிக்கு இந்தப் புல்.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எருமைக்கு மேய்ச்சல் புல்வெளியில்; கோயில் வேயச் சதுப்பில் வளரும் தனிப் புல். சதுப்பு வற்றியபின் அந்தப் புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வரையாடும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவையும் புல் போனால் போகும்.

பழனிமலையில் நிலை இன்னும் மோசம். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வின்படி புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இப்போது அரசும் நீதிமன்றமும் அயல் மரங்களை அகற்றச் சொல்கின்றன. நல்லது. ஆனால் ரம்பம் எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது அவசரம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். கொடைக்கானலில் சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகளே தாமாக வளர்ந்து நிற்கின்றன. அவற்றையும் சேர்த்து வெட்டுவது மடத்தனம். மிச்சமிருக்கும் புல்வெளிக்குள் சீகை பரவாமல் காப்பதே முதல் வேலை. அதற்கு ஆகும் செலவும் குறைவு.

மழைக்காலம் வந்தால் மரக்கன்றுகளோடு மலையேறும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் வேம்பும் புங்கனும் வேண்டிய மட்டும் நடுங்கள். அப்பர் பவானியில் வெறும் புல்லாகத் தெரியும் குன்றில் தயவுசெய்து குழி தோண்டாதீர்கள்.

(தொடரும்)