படம் மாறியது, வருமானம் இரட்டிப்பானது!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். இணையத்தில் கடை நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்தக் கடையில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. முகர்ந்து பார்க்க முடியாது. கடைக்காரர் முகமும் தெரியாது. கண்ணில் படுவதை வைத்துத்தான், பணம் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இதற்குச் சரியான உதாரணம், அமெரிக்காவின் "ஏர்பிஎன்பி" கம்பெனி.

வாடகைக்குப் பணம் இல்லை

பிரையன் செஸ்கி, ஜோ கெபியா இருவரும் நண்பர்கள். சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். 2007-ம் ஆண்டில் வாடகை கொடுக்கப் பணம் போதவில்லை.

அப்போது அந்த ஊரில் ஒரு மாநாடு நடந்தது. ஓட்டல்களில் இடம் கிடைக்கவில்லை. நண்பர்கள் இருவரும் காற்றடைத்த மெத்தைகளைத் தரையில் விரித்தார்கள். கட்டணம் 80 டாலர். 3 பேர் வந்து தங்கினார்கள்.

இதையே தொழிலாக்கினால் என்ன? வீட்டில் அறை வைத்திருப்பவர்களையும், வெளியூரில் இருந்து வருகிறவர்களையும் இணையத்தில் சேர்த்து வைத்தார்கள். நேதன் பிளசார்சிக் என்பவரும் கூட்டுச் சேர்ந்தார்.

ஆனால் தொழில் ஓடவில்லை. 2009-ம் ஆண்டுத் தொடக்கத்தில் வாரத்துக்கு சுமார் 200 டாலர்தான் வருமானம். கடனோ ஏறிக்கொண்டே போயிற்று.

இருட்டு அறை

நியூயார்க் நகர வீடுகளின் படங்களை அவர்கள் உற்றுப் பார்த்தார்கள். காரணம் புரிந்தது!

எல்லாம் வீட்டுக்காரர்கள் தாங்களே எடுத்த படங்கள். நல்ல அறைகூட மங்கலாகத் தெரிந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். இந்தப் படத்தை நம்பி யார் வருவார்கள்?

உடனே நியூயார்க்குக்குப் போனார்கள். நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கிப் படம் பிடித்தார்கள்.

ஒரே வாரத்தில் வருமானம் 400 டாலர் ஆயிற்று. இரண்டு மடங்கு! வீடு அதே வீடுதான். படம்தான் மாறியது.

அந்தக் கம்பெனி 2020 டிசம்பரில் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது.

அழகு மட்டும் போதுமா?

அப்படியானால், அழகைக் கொட்டிக் குவித்தால் போதுமா? போதாது.

லண்டனில் "பூ டாட் காம்" என்ற இணையத் துணிக்கடை, 1999 நவம்பரில் திறக்கப்பட்டது. உடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பேசி வழிகாட்ட ஒரு பொம்மைப் பெண்ணும் உண்டு. பார்க்கப் பிரமாதம்!

ஆனால் அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் டெலிபோன் வழியேதான் இணையம் வந்தது. வேகம் மிகக் குறைவு. படம் வருமுன் பொறுமை போய்விட்டது. கம்பெனியின் ஊதாரிச் செலவும் சேர்ந்துகொண்டது. 2000 மே மாதம் கடை மூடப்பட்டது. 13 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

வீட்டில் இருந்தே விற்கிறீர்களா?

பலகாரமோ, புடவையோ இணையத்தில் விற்கும் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக வைத்துப் படம் எடுங்கள். பின்னால் சாமான்கள் சிதறிக் கிடக்க வேண்டாம். விலையைப் பளிச்சென்று போடுங்கள்.

முக்கியமாக, உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். படத்தில் பச்சைப் புடவை, பார்சலில் நீலப் புடவை என்றால், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். அழகு ஒருமுறைதான் அழைத்து வரும். திரும்ப அழைத்து வருவது நாணயம்.