லிட்டரை நம்பாதே, கிலோவைக் கேள்!
நெடுந்தூரப் பயணத்துக்கு பைக்கில் பெட்டி மாட்டுவோர் போட மறக்கும் கணக்கு

பைக்குக்குப் பெட்டி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை லிட்டர்?' என்பதுதான். 30, 45, 55 என்று விலைப்பட்டியலும் லிட்டரில்தான் ஓடுகிறது. சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டியிலிருந்து கிளம்பி, விருதுநகரில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி போகிறவருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் 744-இல் ஏறி ராஜபாளையம், தென்காசி தாண்டிக் கொல்லம் போகிறவருக்கும் பூட்டு வைத்த கெட்டிப் பெட்டி நல்ல துணை, சந்தேகமில்லை. ஐப்பசி மழையில் துணி நனையாது. கோயில் வாசலிலும் ஓட்டல் வாசலிலும் வண்டியை விட்டுவிட்டு நிம்மதியாக உள்ளே போகலாம். ஆனால் அந்தப் பயணம் பத்திரமாக முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் லிட்டர் அல்ல. அதில் எத்தனை கிலோ ஏறுகிறது, அந்தக் கிலோ வண்டியின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பவைதான்.

பெட்டி செய்கிறவர்களே இதைச் சொல்லிவிட்டார்கள். பந்தய வீரராக இருந்த ஜுசெப்பே விசென்சி 1978-இல் இத்தாலியில் தொடங்கிய கிவி நிறுவனம், இன்று உலகெங்கும் பைக் பெட்டிக்குப் பெயர் போனது. 50 லிட்டரைத் தாண்டும் தன் பெரிய பெட்டிகளுக்கும் அது வைத்திருக்கும் எடை வரம்பு 10 கிலோ, வேக வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய பெட்டிக்கு வெறும் 10 கிலோவா என்று தோன்றும். மடித்த துணியை மட்டும் அடைத்தால் 45 லிட்டர் பெட்டி நிரம்பும்போது எடை ஏறத்தாழ 10 கிலோதான் வரும். வடிவமைத்தவர் மனதில் இருந்தது உடைகளும் மழைக்கோட்டும். அதே பெட்டியில் ஸ்பேனர் செட், டியூப், ஆயில் டப்பா, தண்ணீர் பாட்டில் என்று அடுக்கினால் எடை 20 கிலோவைத் தாண்டிவிடும். சிவகாசியில் அச்சான டைரிகளை இடைவெளியில்லாமல் அடுக்கினால் 35 கிலோவை எட்டும். மூடி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் பூட்டிக்கொள்கிறது.

எடை எங்கே உட்காருகிறது என்பது இதைவிட முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1,400 மில்லிமீட்டர் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சீட்டுக்குப் பின்னால் மாட்டிய பெட்டியின் நடுப்பகுதி, பின் அச்சையும் தாண்டி 350 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. அதில் 10 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் ஏறுவது 10 அல்ல, 12.5 கிலோ. கூடுதலாக ஏறிய அந்த 2.5 கிலோ முன் சக்கரத்திலிருந்து கழிகிறது. 25 கிலோ வைத்தால் முன் சக்கரம் இழப்பது 6 கிலோவுக்கும் மேல். பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் வண்டியைத் திருப்புவதும் முன் சக்கரம். அதன் மீதுள்ள அழுத்தம் குறைந்தால் ஹேண்டில் லேசாகிவிடும். வேகம் கூடும்போதோ, லாரியைக் கடக்கையில் காற்று மோதும்போதோ வண்டி பாம்பு போல நெளியத் தொடங்கும். 120 என்ற வேக வரம்பு இந்த நெளிவுக்குப் பயந்து வைத்தது. நம் நாட்டில் நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகமே 80 என்பதால், அதைத் தாண்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பின்னால் 70 கிலோ ஆள் உட்கார்ந்து வருகிறார், வண்டி என்ன உடைந்தா போகிறது, 20 கிலோ பெட்டி என்ன செய்துவிடும்? ஆள் உட்காருவது பின் அச்சுக்கு முன்னால். அவர் எடையில் ஒரு பங்கைக் கால்கள் வழியாக ஃபுட்ரெஸ்ட் வாங்கிக்கொள்கிறது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது உடம்பு தானாக வளைந்து கொடுக்கிறது. பெட்டி வளைந்து கொடுக்காது. அச்சுக்குப் பின்னால், மெல்லிய வால் பகுதியில், நான்கு போல்ட்டை நம்பித் தொங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் எடை இரண்டு மூன்று மடங்காக அந்த போல்ட்டுகளை இழுக்கிறது. இன்னொரு மறுப்பு டிவிஎஸ் எக்ஸ்எல்லைக் காட்டும். மூட்டை, குடம், சிலிண்டர் என்று ஊரையே சுமக்கிறதே அந்த வண்டி? சுமக்கிறது. ஆனால் கால் வைக்கும் தளத்தில் தாழ்வாக ஒரு பங்கு, பின்னால் இருபுறமும் தொங்கலாக ஒரு பங்கு என்று வைத்து, சைக்கிளைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில், பக்கத்து ஊர் வரைக்கும் போகிறது. ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

இடம் இருப்பதாலேயே நிரப்பிவிடக் கூடாது என்பதைச் சிவகாசிப் பட்டாசு வட்டாரத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையின் ஒவ்வொரு அறைக்கும் இத்தனை ஆள், இத்தனை கிலோ வெடிமருந்து என்று உரிமத்தில் வரம்பு உண்டு. மருந்து செலுத்தும் அறையில் 4 பேர் என்றால், ஐந்தாவது ஆள் உட்கார இடம் இருந்தாலும் நாலு பேர்தான். பெசோ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அதிகாரிகள் அறையின் நீள அகலத்தோடு ஆளையும் மருந்தையும் எண்ணுகிறார்கள். ஆலைக்கும் பைக்குக்கும் ஆபத்தின் அளவில் ஒப்பீடே கிடையாது, ஆனால் சிந்தனை முறை ஒன்றுதான். காலி இடத்தை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, இருசக்கர வாகனப் பெட்டிக்கு அளவு வகுத்தது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பின் இருக்கையின் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுநர் மட்டுமே போகலாம். இருக்கைக்குப் பின்னால் வைத்தால் இன்னொருவரும் ஏறலாம், ஆனால் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடைக்குள் சுமை அடங்க வேண்டும். அந்த நீள அகல உயரத்தைப் பெருக்கினால் 140 லிட்டர் வருகிறது! எனவே நம்மைக் கட்டுப்படுத்துவது கடைசியில் சொன்ன எடை நிபந்தனைதான். வண்டியின் கையேட்டில் வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ ஆட்கள் இருவர் ஏறியதும் மிச்சம் 10 கிலோ. அந்தப் பத்துக்குள் கேரியரும், 4 கிலோ வரை வரும் காலிப் பெட்டியும் அடங்க வேண்டும். இருவர் போகும் பயணத்தில் பெட்டி அநேகமாக அலங்காரம்தான்.

ஊர் வெல்டிங் பட்டறையில் கேரியர் செய்வது தவறா என்று கேட்டால், தவறில்லை. நல்ல கைகாரர்கள் இங்கே இருக்கிறார்கள், செலவும் குறைவு. கவனிக்க வேண்டியது, கேரியரை வண்டியின் ஃபிரேமில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் மாட்டுகிறார்களா, ஃபிரேமின் மேலேயே வெல்டிங் வைக்கிறார்களா என்பது. ஃபிரேமில் சூடு பட்ட இடம் பலவீனமாகி, நாள்பட்ட அதிர்வில் அங்கேதான் கீறல் விடும். அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட் போட்டு, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இருபுறமும் பெட்டி மாட்டுவதற்காகப் புடவை கார்டைக் கழற்றி எறிவதும் நடக்கிறது. பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகன விதி 123. சேலையும் துப்பட்டாவும் பின் இருக்கையில் ஏறும் ஊரில் அது வெறும் காகிதச் சட்டம் அல்ல.

இவ்வளவு தொல்லைக்கு ரெக்சின் பையே போதாதா என்பது கடைசி மறுப்பு. மண் பாதையிலும் மலைத் தடத்திலும் அந்த வாதம் வெல்லும். வண்டி சாய்ந்தால் பக்கவாட்டுக் கெட்டிப் பெட்டிக்கு அடியில் கால் சிக்கும், பை நசுங்கி வழிவிடும். தார்ச்சாலையிலும் மழையிலும் நிறுத்துமிடத்திலும் கெட்டிப் பெட்டியே வெல்லும். சிவகாசிக்கு வந்து திரும்புகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனால் பைக் பெட்டி பாதுகாப்பான மாற்று வழி என்று நினைக்கத் தோன்றும். வெயிலில் கொதிக்கும் மூடிய பெட்டியில், சைலன்சருக்குப் பக்கத்தில், ஓயாமல் உரசிக் குலுங்கும் சரக்காகப் பட்டாசு போகவே கூடாது. அதை ஊர் போய்ச் சேர்ந்து உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே பெட்டி மாட்டலாம், மாட்டும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கையேட்டைத் திறந்து மிச்சமுள்ள கிலோவைக் கணக்கிட வேண்டும். அதில் கேரியரையும் காலிப் பெட்டியையும் கழித்து, கனமான சாமானைத் தாழ்வாகவும் முன்னாலும் வைத்து, துணியை மட்டும் பின்பெட்டிக்கு விட வேண்டும். டயர் காற்றையும் பின் ஸ்பிரிங்கையும் அந்த எடைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். எந்தப் பெட்டி வாங்குவது என்ற கேள்விக்கு அதன் பிறகே வேலை. பெட்டி விற்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. லிட்டரை எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்களோ, கிலோவையும் அதே அளவில் மூடியின் மேல் அச்சிட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் வாடிக்கையாளரிடம் வந்தால், சட்டம் வந்து சொல்லும்வரை எந்த நிறுவனமும் காத்திருக்காது.