பெயரை அழித்தாலும் குடி தெரியும்

விடியுமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு செக்போஸ்ட்; அதற்கு அப்பால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை. வீடு தேனி மாவட்டத்தில், வேலை இடுக்கி மாவட்டத்தில். காய்ச்சல் என்றால் போடி அரசு மருத்துவமனை. தோட்டத்தில் அடிபட்டால் பக்கத்தில் இருக்கும் கேரள ஆஸ்பத்திரி. ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து இந்த உடல்களை என்ன செய்கிறது என்று ஓர் ஆய்வாளர் தெரிந்துகொள்ள விரும்பினால், இரண்டு மாநிலங்களின் பதிவேடுகளையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே தரவைப் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திறக்கத்தான் வேண்டும். யாருக்கு, எதற்கு, யார் சம்மதத்தோடு என்பதில்தான் வழக்கு.

இப்போது எப்படித் திறக்கிறார்கள்? நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் தேசியக் குடும்பநல ஆய்வு. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் இந்த ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் முடிந்தது. ஆய்வாளர் பதிவு செய்து, நோக்கத்தை எழுதிக் கொடுத்தால் வீடுவாரித் தரவு கிடைக்கும்; பெயரும் கதவு எண்ணும் அதில் இருக்காது. ஊரின் இருப்பிடத்தைக் கேட்டால் அதையும் வேண்டுமென்றே தள்ளி வைத்துத் தருவார்கள். நகரப் பகுதி என்றால் 2 கிலோமீட்டர் வரை, கிராமம் என்றால் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒரு கிராமத்தை 10 கிலோமீட்டர் வரைகூட நகர்த்திவிடுவார்கள். சமவெளியில் இதனால் பெரிய நட்டமில்லை. பக்கத்து ஊர்தானே! போடி மலைச்சரிவில் 5 கிலோமீட்டர் என்பது வேறு உலகம். மேலே இருக்கும் குடியிருப்பு வரைபடத்தில் அடிவார மாந்தோப்புக்குள் வந்து விழலாம். இந்த ஆய்வில் எடுக்கும் ரத்தசோகைக் கணக்கு இதனால் கெடாது. 1,000 மீட்டருக்கு மேலே வாழ்பவர்களின் ஹீமோகுளோபின் அளவை உயரத்துக்கேற்பத் திருத்திய பிறகே தரவை வெளியிடுகிறார்கள். ஆனால் மருந்தடிக்கும் தோட்டம் எது, அதன் பக்கத்துக் குடியிருப்பு எது என்று பொருத்திப் பார்க்க நினைப்பவருக்கு வழி அடைபட்டுவிடும். மனிதரை மறைப்பதற்காக உண்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். அந்த விலையைக் கொடுக்கலாம். அதற்குக் கிடைப்பதோ தனி ஆளுக்கான மறைப்பு மட்டுமே.

ரத்தம் என்று வரும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரியும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டி வட்டாரத்தில் எடுத்த மாதிரிகளில் எம்130 என்ற மரபுக்குறி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்த ஆதிமனிதப் பயணத்தின் தடம் என்று அது உலகெங்கும் பேசப்பட்டது. ஆய்வின் முடிவே பிரமலைக் கள்ளர் என்ற சமூகத்தின் பெயரோடுதான் வெளிவந்தது. வேறு எப்படி வர முடியும்? கேள்வியே குழுவைப் பற்றியது; கொடுத்தவர்களின் பெயரை எல்லாம் நீக்கினாலும் குழு தெரிந்தே தீரும். அதே மதுரைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டு 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அது பிற்காலத்தில் இதயத்தசை நோய்க்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதையும் காட்டியது. நோயாளிகள் ரத்தம் கொடுக்காமல் இது தெரிந்திருக்காது. வரலாற்றைச் சொல்லும் ரத்தமும் நோயைச் சொல்லும் ரத்தமும் ஒன்றுதான். ஒன்றுக்கென்று கொடுத்ததை இன்னொன்றுக்குத் திருப்ப ஒரு விண்ணப்பம் போதும் என்பதே கவலை.

திருப்பியும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர், நீரிழிவு ஆய்வு என்று நம்பி 1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு, உறவுத் திருமணம், புலம்பெயர்வு ஆகிய ஆய்வுகளுக்கும் போனது பின்னால் தெரிந்தது. 2010இல் 7 லட்சம் டாலரும், மிச்சமிருந்த ரத்தமும் அவர்களிடம் வந்துசேர்ந்தன. நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. அவர்களுடைய ரத்தத்தைக் கொண்டே அதை மறுக்கப் பார்த்தார்கள். போடி மலையில் கொட்டகுடிப் பக்கம் முதுவர் பழங்குடியினரின் முதுவாக்குடி இருக்கிறது. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவர்களின் மரபுக்கதை. நாளை ரத்தசோகைப் பரிசோதனைக்கென்று எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திடம், அவர்களைக் கேட்காமலே அந்தக் கதையையும் விசாரிக்க முடியும். ஒருவர் பெயரும் வெளியே வராது. ஆனாலும் விசாரிக்கப்பட்டது யார் என்பது மலைக்கே தெரிந்துவிடும்.

நம் சட்டம் இதைப் பார்க்கிறதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், மாதிரியின் உரிமை கொடுத்தவருடையது, சேமிப்பகம் வெறும் பாதுகாவலர் என்கின்றன. சமூகத்தையும் கலந்துகொள்ளச் சொல்கின்றன. நல்ல வாசகங்கள், ஆனால் அவை நெறிமுறைகள் மட்டுமே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பெயரே சொல்வதுபோல, தனிநபருக்கானது. குறிப்பிட்ட ஆளைப் பற்றி முடிவெடுக்காதவரை, உரிய தரங்களுக்கு உட்பட்டு ஆராய்ச்சிக்கு விலக்கும் தருகிறது. குழு என்ற ஒன்று அதன் கண்ணில் படுவதில்லை. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஃபரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆகவே இது இப்போதே பேச வேண்டிய விஷயம்.

குழுவின் சம்மதம் என்றால் அங்கே யார் பேசுவது, சாதித் தலைவர்களா என்று கேட்பார்கள். கனமான கேள்விதான். தலைவர் ஒருவர் சரி என்றதற்காக எந்தப் பெண்ணின் கையிலும் ஊசி ஏறக் கூடாது. குழுவின் சம்மதம் தனிநபர் சம்மதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டியதே ஒழிய, அதற்கு மாற்று அல்ல. அதற்கு ஓர் அவையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைக் குடிகளுக்குக் கிராமசபையைக் கொடுத்திருக்கிறது. காட்டைப் பற்றிப் பேசத் தகுந்த சபை, ரத்தத்தைப் பற்றியும் பேசட்டும்.

இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் மலையேறிக்கொண்டிருந்தால் மருந்து எப்போது கண்டுபிடிப்பது என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். எல்லாக் கேள்விக்கும் ஏற வேண்டாம். ரத்தசோகைக்கென்று எடுத்ததில் ரத்தசோகையை ஆராய்பவர் தடையின்றி ஆராயட்டும். கேள்வி மாறும்போது, அதுவும் குழுவின் பூர்வீகத்தையோ மனநலத்தையோ தொடும்போது மட்டும் திரும்பக் கேட்டால் போதும். பிரிட்டனில் 5 லட்சம் பேரின் தரவை வைத்திருக்கும் யூகே பயோபேங்க், கோப்பைப் பதிவிறக்கம் செய்து கொடுப்பதைக் கைவிட்டு, ஆய்வாளரைத் தன் கணினித் தளத்துக்குள் வரவழைக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. தரவு வீட்டைவிட்டு வெளியே போகாதபோது, யார் என்ன கேட்டார் என்ற பதிவு தானாகவே தங்கிவிடும்.

ரத்தத்துக்கு அந்த வசதி இல்லை. தரவை ஆயிரம் பேர் படித்தாலும் அது குறையாது. குப்பியில் இருக்கும் ரத்தம் ஒவ்வொரு சோதனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். கடைசிச் சொட்டை எந்தக் கேள்விக்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் குழுவில் மருத்துவரும் வழக்கறிஞரும் இருப்பார்கள். முதுவாக்குடியின் ரத்தமானால், முதுவாக்குடியிலிருந்தும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.