காலித் தொட்டியின் அபாயம்

சரக்கு லாரிகள் திரும்பும் வழியில் வேறு சரக்கை ஏற்றி வரலாம். பெட்ரோல் டாங்கர் லாரிக்கு அவ்வசதி இல்லை. விற்பனை நிலையத்தில் எண்ணெயை இறக்கியபின் அது காலியாகவே கிடங்கிற்கு மீள்கிறது.

எனினும், அத்தொட்டி உண்மையில் காலியன்று. அடியில் எஞ்சிய பெட்ரோல் ஆவியாகி, உள்ளே புகுந்த காற்றுடன் கலந்து நிற்கிறது. நிறைந்த தொட்டியில் ஆவி மிகுந்தும் காற்று குறைந்தும் இருப்பதால் உள்ளே தீப்பற்றுதல் அரிது. காலித் தொட்டியிலோ, காற்று சேரச் சேர ஆவியின் விகிதம் குறைகிறது. அது ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதத்திற்குள் அமையுங்கால், சிறு பொறியும் பெருவெடிப்பை விளைவிக்கும்.

இவ்வாவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. ஆதலின் பள்ளங்களில் தேங்கும். தொட்டியில் வெல்டிங் செய்யுமுன், அதனைச் சுத்தம் செய்து, ஆவி அறவே நீங்கியதைக் கருவியால் சோதித்தறிதல் இன்றியமையாதது. மூக்கு இதற்குச் சான்றாகாது.